அம்பாசடர் இன்ஜினுக்கு எந்தக் கேம்ஷாஃப்ட்?

பெங்களூரு அல்சூரில் ஏரியை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில், 1972-ஆம் ஆண்டு மாடல் அம்பாசடர் மார்க் 2 ஒன்றின் இன்ஜின் இறக்கப்பட்டு, அதன் கேம்ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு, பழைய செய்தித்தாளின் மேல் கிடத்தப்பட்டிருக்கிறது. வண்டி என் தந்தையார் வாங்கியது. அதில் மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வை (எரிந்த வாயு வெளியேறும் வால்வை)த் தள்ளும் மேடான லோப் மற்றவற்றைவிடக் குட்டையாக இருப்பது, வெர்னியரை வைத்துப் பார்ப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிகிறது. அந்த லோப் தேய்த்துக்கொண்டிருந்த, அதன் தள்ளுதலை வால்வின் பக்கம் கடத்தும் டேப்பெட்டின் அடிப்பகுதியை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், அம்மைத் தழும்பு விழுந்தாற்போல் குழிகுழியாக இருக்கிறது. ஆகவே கேம்ஷாஃப்டை, சுருக்கமாகக் கேமை, மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. எந்தக் கேமைப் போடுவது என்பதுதான் கேள்வி. மேஸ்திரி தம் பக்கத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: “பழைய மாதிரியே போட்டா பேச்சே இல்ல சார், வேற போடணும்னா, எதுக்குன்னு நீங்க முதல்ல சொல்லணும்.”

அந்த ‘எதுக்கு’ என்பதற்கு விடை தேடியபோது என் முன்னே நான்கு வழிகள் இருந்தன. பழைய கேமின் அதே வடிவத்தில் இன்னொன்றைப் போடலாம். இதே இன்ஜினை எம்.ஜி. நிறுவனம் தன் ஸ்போர்ட்ஸ் கார்களில் பயன்படுத்தியபோது வைத்த கேமைப் போடலாம். பிரிட்டனில் பழைய கார்களுக்கென்று கேம் செய்யும் கென்ட், பைப்பர் போன்றோர் ‘ஃபாஸ்ட் ரோடு’ என்று விற்கும், 270 டிகிரியை ஒட்டிய (வால்வு எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைக் குறிக்கும் அளவு இது) கேமைப் போடலாம். அல்லது பந்தயத்துக்கென்றே செய்யப்படும் 300 டிகிரி கேமைப் போடலாம். இவற்றுள் கடைசியானதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. முதல் மூன்றுக்கு இடையேதான் உண்மையான போட்டி.

ஒப்பிடுவதற்கு முன் இன்ஜினைச் சரியாக அறிந்துகொள்ள வேண்டும். அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. சிலிண்டர் விட்டம் 73 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 88.9 மி.மீ. விட்டத்தைவிட ஓட்டம் நீண்டது என்பதால், இயல்பிலேயே இது வேகமாகச் சுழல்வதைவிடத் தாழ்ந்த சுழற்சியில் இழுப்பதற்கு ஏற்ற இன்ஜின். கேம்ஷாஃப்ட் பிளாக்கின் உள்ளே இருக்கிறது. டேப்பெட், புஷ்ராடு, ராக்கர் வழியாகத் தலைக்கு மேலுள்ள வால்வுகளைத் திறக்கிறது. 1955-இல் வந்த எம்.ஜி.ஏ. காரிலும் இதே 1489 சி.சி. இன்ஜின்தான் இருந்தது. அதில் இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டரும், 8.3-க்கு 1 என்ற கம்ப்ரஷன் விகிதமும் (சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற அளவு), வேறொரு கேமும் இருந்தன; அவை எல்லாம் சேர்ந்து, நம் வண்டியில் 50 குதிரைத்திறனை ஒட்டி நின்ற இன்ஜினை அங்கே 70 அளவுக்குக் கொண்டு சென்றன. கேம் மட்டுமே இந்த வேறுபாட்டை உண்டாக்கியது என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி எண்களுக்கு வருவோம். கீழே வரும் டிகிரிகள் எல்லாம் கிராங்கின், அதாவது பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின், சுழற்சியில் அளக்கப்பட்டவை. சாதாரண பி-சீரிஸ் கேமில், பிஸ்டன் மேல்முனையை அடைய 5 டிகிரி இருக்கும்போது இன்லெட் வால்வு (கலவை உள்ளே நுழையும் வால்வு) திறந்து, பிஸ்டன் கீழ்முனையைக் கடந்து 45 டிகிரி ஏறிய பிறகு மூடுகிறது. எக்ஸாஸ்ட் வால்வு கீழ்முனைக்கு 40 டிகிரி முன்பாகத் திறந்து, மேல்முனையை 10 டிகிரி கடந்த பிறகு மூடுகிறது. அதாவது ஒவ்வொரு வால்வும் 230 டிகிரி திறந்திருக்கிறது. எம்.ஜி. கேமில் இதே வரிசை 16, 56, 51, 21 என்று அமைகிறது. கூட்டினால் 252 டிகிரி. இந்த இரு வரிசைகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது: நான்கு எண்களும் சரியாகப் பதினொன்று பதினொன்றாகக் கூடியிருக்கின்றன. இன்லெட் வால்வு முழுமையாகத் திறக்கும் இடம் இரண்டிலும் மேல்முனைக்குப் பின் 110 டிகிரி. எக்ஸாஸ்ட் முழுமையாகத் திறக்கும் இடம் இரண்டிலும் மேல்முனைக்கு முன் 105 டிகிரி. அந்தப் பொறியாளர்கள் மையத்தை அசைக்காமல் இரு கரைகளையும் மட்டும் விரித்திருக்கிறார்கள். எம்.ஜி. கேம் என்பது வேறொரு குணம் கொண்ட கேம் அன்று, நம் கேமின் அண்ணன்தான் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

கேம் பற்றிய பேச்சில் பெரும்பாலோர் லிஃப்ட் (வால்வு எழும் உயரம்) எவ்வளவு, மொத்த டிகிரி எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். நகரத்தில் ஓடும் வண்டிக்கு இந்த இரண்டையும்விட முக்கியமானது இன்லெட் வால்வு எப்போது மூடுகிறது என்பது. வால்வு மூடும் வரை பிஸ்டன் மேலே ஏறினாலும் சிலிண்டரில் அமுக்கம் தொடங்குவதில்லை. தாழ்ந்த சுழற்சியில், உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போகிறது. உயர்ந்த சுழற்சியில் உள்ளே பாயும் காற்றுக்குத் தன் வேகமே உந்துதலாக இருப்பதால், பிஸ்டன் ஏறத் தொடங்கிய பிறகும் அது தொடர்ந்து உள்ளே நுழைகிறது. வால்வைத் தாமதமாக மூடும் கேம் இந்த இரண்டாவது நிலைக்குச் சலுகை காட்டி, முதல் நிலையில் அதற்கான விலையை வாங்கிக்கொள்கிறது.

அந்த விலை எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கனெக்டிங் ராடின் நீளம் ஆறரை அங்குலம், ஓட்டம் 88.9 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 45 டிகிரியில் வால்வு மூடும்போது பிஸ்டனுக்கு ஏற வேண்டிய மீதி ஏறக்குறைய 79 மி.மீ. இருக்கிறது. 56 டிகிரியில் மூடினால் மீதி 73.5 மி.மீ.; 270 டிகிரி கேமில் பொதுவாக அமையும் 65 டிகிரியில் மூடினால் 68 மி.மீ.; பந்தயக் கேமின் 80 டிகிரியில் மூடினால் 58 மி.மீ. மட்டுமே. என் இன்ஜினில் அளந்த கம்ப்ரஷன் விகிதம் 7.2. அதை மாற்றாமல் வைத்தால், வால்வு மூடிய கணத்திலிருந்து கணக்கிடப்படும் மெய்யான விகிதம் இந்த நான்கு கேம்களுக்கும் முறையே 6.5, 6.1, 5.8, 5 என்று இறங்குகிறது. புதுக் கேம் போட்ட பழைய வண்டி ‘மேலே பறக்குது, கீழே செத்துக் கிடக்குது’ என்று உரிமையாளர்கள் அலுத்துக்கொள்வதற்கு முதற்காரணம் இந்த இறக்கம்தான்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் தீர்வும் தெரிகிறது. பழைய 6.5-ஐ இழக்காமல் 252 டிகிரி கேமைப் போட வேண்டுமானால், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைச் சீவி விகிதத்தை 7.7-க்கு உயர்த்தினால் போதும். 270 டிகிரி கேமுக்கு 8.2 வேண்டும்; 300 டிகிரி கேமுக்கு 9.4 வேண்டும். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 372 சி.சி. என்பதால், 7.2 விகிதத்தில் பிஸ்டன் மேல்முனையில் நிற்கும்போது அதற்கு மேல் 60 சி.சி. இடம் இருக்கிறது, 7.7 ஆக்க அதை 55.6 சி.சி.க்குக் குறைக்க வேண்டும். நாலரை சி.சி. குறைப்பது எந்த லேத்திலும் முடிகிற வேலை. 9.4-க்குக் கொண்டுபோக 15 சி.சி.க்கும் மேல் குறைக்க வேண்டும். அதற்கு ஹெட்டை மட்டும் நம்ப முடியாது, பிஸ்டனையே மாற்ற வேண்டிவரும்.

இங்கே பெங்களூருக்கே உரிய ஒரு சங்கதி குறுக்கிடுகிறது. நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. இன்ஜினுக்குள் போகும் காற்றும் அந்த அளவை ஒட்டிக் குறைகிறது. ஆகவே சென்னையில் ஓடும் அதே வண்டி இங்கே சற்றுச் சோர்ந்தே ஓடும். ஏற்கெனவே குறைந்த மூச்சில் ஓடும் இன்ஜினில் தாழ்ந்த சுழற்சியின் இழுவையை மேலும் குறைக்கும் கேமைப் போடுவது, விரதமிருப்பவனைப் பந்தியில் பரிமாறச் சொல்வதைப் போன்றது. மறுபுறம், காற்று மெலிந்திருப்பதால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டுவது) வரும் அபாயமும் குறைவு என்பதால், கம்ப்ரஷனைக் கொஞ்சம் தாராளமாகவே ஏற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. என் வண்டி ஆண்டுக்கு மூன்று முறையாவது ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னைக்கு இறங்குகிறது. மலைமேட்டில் கிடைத்த சலுகை அங்கே கடல் மட்டத்தில், மே மாத வெயிலில் காணாமல் போய்விடும். ஆகவே கம்ப்ரஷனைப் பெங்களூருக்காக அன்றி, சென்னைக்காகத் தீர்மானிக்க வேண்டும். பங்கில் கிடைக்கும் சாதாரண பெட்ரோலுக்கு 7.7 மிகவும் பாதுகாப்பானது, 8.2-உம் தாங்கும், 9.4 விகிதத்தில், இந்தப் பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில், எனக்கு உறக்கம் வராது.

அடுத்தது, வண்டி உண்மையில் எந்தச் சுழற்சியில் வாழ்கிறது என்பது. ஒரு மாதம் டாஷ்போர்டின் அடியில், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டும் டாகோமீட்டர் ஒன்றைக் கட்டிவைத்துப் பார்த்தேன். டாப் கியரில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அது 2,200-ஐ ஒட்டி நின்றது. நெடுஞ்சாலையில் 80-இல் 3,000-ஐத் தொட்டது. நகருக்குள் 2,500-ஐத் தாண்டிய நேரம் சொற்பம். சில்க் போர்டு சந்திப்பைக் கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் பெரும்பகுதி ஐடிலிங்கிலேயே கழிந்தது. மூன்று மெயின் பேரிங் மட்டுமே கொண்ட, ஐம்பது வயது கடந்த கிராங்கை 4,500-க்கு மேல் சுழற்ற எனக்கு மனமும் இல்லை. நான்காயிரத்துக்கு மேல்தான் பலன் தருவேன் என்று சொல்லும் கேம் எதுவாயினும், இந்த வண்டியில் அது தன் பலனைக் காட்டும் நிமிடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பி-சீரிஸ் ஹெட்டுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. இதில் நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து இரண்டே இன்லெட் வழிகள். ஒன்றும் இரண்டும் ஒரு வழியையும், மூன்றும் நான்கும் மற்றொன்றையும் பங்கிட்டுக்கொள்கின்றன. பற்றும் வரிசை 1, 3, 4, 2. ஆகவே இரண்டாம் சிலிண்டர் காற்றை உறிஞ்சி முடிப்பதற்குள், 180 டிகிரி பின்னால் வரும் முதல் சிலிண்டர் அதே வழியிலிருந்து உறிஞ்சத் தொடங்கிவிடுகிறது. மறுபக்கம் மூன்றுக்கும் நான்குக்கும் இடையே இதே இழுபறி. பிறகு நீண்ட நேரம் வழி சும்மா கிடக்கிறது. ஒரு குழாயில் இரண்டு வீட்டுக்காரர்கள் அடுத்தடுத்துக் குடம் வைப்பதைப் போன்றது இது. முதல் குடம் நிரம்பும் முன்பே இரண்டாவது குடம் நுழைந்தால், முதல் குடத்துக்கான கடைசிச் செம்புத் தண்ணீர் போய்விடும். 230 டிகிரி கேமில் இந்த மோதல் 50 டிகிரி நீடிக்கிறது. 252-இல் 72, 270-இல் 90, 300-இல் 120. தனித்தனி வழிகள் கொண்ட ஹெட்டில் நன்றாக வேலை செய்யும் கேம் இங்கே ஏமாற்றம் தருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஜப்பானிய இன்ஜின்களில் பழகியவர்கள் சொல்லும் டிகிரிக் கணக்கை அம்பாசடருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

ஓவர்லேப், அதாவது மேல்முனையில் இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம், நான்கு கேம்களிலும் முறையே 15, 37, 50, 80 டிகிரி. இது கூடக்கூட ஐடிலிங் கரடுமுரடாகும். எரிந்த வாயு இன்லெட் பக்கம் எட்டிப் பார்க்கும். மானிஃபோல்டில் வெற்றிடம் குறையும். அதை நம்பியிருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் அட்வான்ஸ் (தீப்பொறி விழும் நேரத்தை மாற்றும் அமைப்பு) குழம்பும். எரியாத பெட்ரோலும் சைலன்சர் வழியே வெளியேறும். 2000-ஆம் ஆண்டுக்கு முந்தைய நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிகளுக்கு எமிஷன் டெஸ்டில் ஐடிலிங்கின்போது அனுமதிக்கப்படும் வரம்பு, கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம். தாராளமான வரம்புதான். 252 டிகிரி கேம் கொண்ட, ஒழுங்காகச் சரிசெய்யப்பட்ட வண்டி அதற்குள் சிரமமின்றி அடங்கும். 270 கொண்ட வண்டிக்குக் கார்புரேட்டரில் பொறுமையான வேலை தேவைப்படும். 300 கொண்ட வண்டியை டெஸ்ட் வேனின் முன்னால் நிறுத்தவே கூச்சமாக இருக்கும். அந்தக் கேமுக்கு உரிய இடம் முன்பு கார்ப் பந்தயம் நடந்த சோழவரம் ஓடுதளமாக இருந்தது, இன்று இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம். அதைப் பற்றி இத்துடன் விட்டுவிடுகிறேன்.

270 டிகிரி கேமை அப்படி ஒதுக்கிவிட முடியவில்லை. கோரமங்களாவில் இருக்கும் என் மைத்துனரின் அம்பாசடரில் அந்த வகைக் கேம், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், மறுவேலை செய்த ஹெட் எல்லாம் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் அத்திப்பள்ளியைத் தாண்டியதும் ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்தார். மூன்றாம் கியரில் மூவாயிரம் வரை சாதாரண வண்டிதான். அதற்குமேல் முள் ஏறிய சிறிது நேரத்தில் சைலன்சரின் குரல் தடித்து, கனத்த அந்த வண்டி முன்னால் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் நகர்ந்தது. இறங்கும்போது, “மாமா, நீங்களும் இதையே போட்டுடுங்க” என்றார். திரும்பும் வழியில் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தின் அடியில் நெரிசலில் மாட்டிக்கொண்டோம். முதல் கியரில் ஊர்ந்தபோது வண்டி குலுங்கிக் குலுங்கி நகர்ந்தது, அவர் கால் கிளட்சைவிட்டு எழவே இல்லை. அவருக்கு அந்த வண்டி ஞாயிறுக்கான வண்டி. வாரநாள்களுக்கு வேறு கார் இருக்கிறது. அந்த நிலையில் இருப்பவருக்கு, கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க மனமிருந்தால், 270 நல்ல தேர்வுதான். கேமை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றைப் பழையபடி விட்டுவிடுபவருக்கு அது பாதிக் கல்யாணம்.

பழைய 230 டிகிரி கேமுக்காகவும் வாதாட வேண்டும், ஏனெனில் அதற்காகப் பேச ஆளில்லை. வண்டி நகருக்குள் மட்டுமே ஓடுகிறது, டாப் கியரில் முப்பதில் ஊர்ந்தாலும் முணுமுணுக்காமல் இழுக்க வேண்டும், குடும்பத்தில் வயதானவர்களும் ஓட்டுகிறார்கள் என்றால், அதைவிடச் சிறந்த கேம் கிடையாது. இன்னொன்று: 50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்வதற்கு மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த விதிகள், சேஸி, பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்கின்றன. பிளாக்கின் உள்ளே இருக்கும் கேமை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனாலும் அந்தப் பதிவை நாடுபவர் மூல வடிவத்திலேயே நின்றுகொள்வது மனத்துக்கு நிம்மதி. அப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்ட அனுமதியில்லை என்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

எந்த வடிவம் என்பது ஒரு பாதி. அது எங்கிருந்து வருகிறது என்பது மறுபாதி. இதே வண்டியில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நகரின் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் ‘ஸ்போர்ட்ஸ் கேம்’ என்று ஒன்றைப் போட்டார்கள். அதற்கு எண்ணும் இல்லை, அளவுச் சீட்டும் இல்லை. எத்தனை டிகிரி என்று கேட்டதற்கு “நல்லா போகும் சார்” என்பதே விடையாக வந்தது. சிக்னலில் ஆக்சிலேட்டரை மிதித்தபடியே நிற்க வேண்டியிருந்தது. மூன்று மாதம் பொறுத்துவிட்டு, பழைய கேமையே திரும்பப் போடச் சொன்னேன். போட்டவர்கள் எட்டு டேப்பெட்டுகளையும் ஒரே டப்பாவில் கொட்டிவைத்திருந்து, கைக்கு வந்த வரிசையில் செருகிவிட்டார்கள். டேப்பெட்டும் அதன் லோப்பும் ஒன்றோடொன்று உரசிப் பழகி ஜோடியானவை; ஜோடி மாறினால் மேற்பரப்பு தின்னத் தொடங்கும். இன்று செய்தித்தாளின் மேல் கிடக்கும் குட்டையான லோப்புக்கு அன்று போட்ட வித்து அது என்றே மேஸ்திரி சொல்கிறார். நானும் அப்படியே நம்புகிறேன்.

ஆகவே அளவுச் சீட்டு இல்லாத கேமை, அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், இனித் தொடுவதாக இல்லை. புதிதாக வரவழைப்பதென்றால் பிரிட்டனிலிருந்து வர வேண்டும், எம்.ஜி. கார்களுக்கான சந்தை அங்கே உயிரோடு இருப்பதால் 252 டிகிரி கேம் எளிதில் கிடைக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எம்.ஜி. கார்களில் பெட்ரோல் பம்ப் மின்சாரத்தால் ஓடுவது. வண்டியில் கேமால் இயங்கும் மெக்கானிக்கல் பம்ப் இருந்தால், அதைத் தட்டும் தனி லோப் புதுக் கேமில் இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்; இல்லையேல் மின்சாரப் பம்ப்புக்கு மாற வேண்டும். மற்றொரு வழி, தேய்மானம் அதிகமில்லாத பழைய கேம் ஒன்றைத் தேடிப்பிடித்து, கோயம்புத்தூரில் கேம் கிரைண்டிங் செய்பவர்களிடம் கொடுத்து 252 டிகிரி வடிவத்துக்குச் சாணை பிடித்து வாங்குவது. சாணை பிடிக்கும்போது உலோகத்தைச் சேர்க்க முடியாது, எடுக்கத்தான் முடியும். ஆகவே லோப்பின் அடிவட்டம் சிறுத்து, அந்த அளவுக்கு லிஃப்ட் கூடுகிறது. கடினப்படுத்தப்பட்ட மேல் அடுக்கு மெல்லியது என்பதால், அதைத் தாண்டிச் சாணை போயிருந்தால் கேம் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே தேய்ந்துபோகும். கடினத்தன்மையை மறுபடி ஏற்றித் தருபவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். பம்ப்புக்கான லோப் நமக்கே உரியதாக மிஞ்சுவது இவ்வழியின் லாபம்.

கேம் எதுவானாலும் எட்டு டேப்பெட்டும் புதியவையாக இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. டைமிங் செயினும் பல்சக்கரங்களும் தேய்ந்திருந்தால் கேம் பின்தங்கி நிற்கும். சக்கரங்களிலுள்ள குறிகளை மட்டும் நம்பிப் பூட்டினால், 252 டிகிரி கேமை வாங்கிவிட்டு அதைத் தவறான இடத்தில் ஓட்டிக்கொண்டிருப்போம். கிராங்கில் டிகிரித் தகட்டைப் பொருத்தி, முதல் சிலிண்டரின் இன்லெட் புஷ்ராடின் மேல் டயல் கேஜை வைத்து, முழு லிஃப்ட் 110 டிகிரியில் வருகிறதா என்று பார்ப்பது ஒரு மணி நேர வேலை. வராவிட்டால் சரிசெய்ய, ஒதுக்கி வெட்டிய சாவிகள் (பல்சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் சிறு துண்டுகள்) கிடைக்கின்றன. முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது ஐடிலிங்கில் விடக் கூடாது. லோப்புகளுக்குக் கிராங்க் வீசியடிக்கும் எண்ணெய்தான் உயிர் என்பதால், 2,000 முதல் 2,500 சுழற்சியில் இருபது நிமிடம் ஓட்ட வேண்டும். அந்த இருபது நிமிடத்தில் கேமின் ஆயுள் தீர்மானமாகிவிடும்.

இவ்வளவையும் எடைபோட்டு, நான் மேஸ்திரியிடம் 252 என்றேன். என் வண்டி அன்றாடம் நகரிலும், அவ்வப்போது சென்னைச் சாலையிலும் ஓடுகிறது. 80-இல் போகும்போது லாரியை முந்த இன்னும் கொஞ்சம் மூச்சு வேண்டும், சில்க் போர்டில் பழைய பொறுமையும் வேண்டும். 7.7 கம்ப்ரஷனோடு சேர்த்தால் கீழே இழப்பு இல்லை, மேலே எம்.ஜி.ஏ. அளவுக்கு வராது, ஏனெனில் ஒற்றைக் கார்புரேட்டரையும் சிறிய வால்வுகளையும் மாற்றப் போவதில்லை. மேஸ்திரி சிறிது யோசித்துவிட்டு, “ஐடிலிங் கொஞ்சம் ஏத்தி வெக்கணும், அவ்வளவுதான் சார்” என்றார்.

பழைய கேம் ஒன்று கலாசிப்பாளையத்தில் கிடைத்து, கோவைக்குப் போயிருக்கிறது. ஹெட்டைச் சீவியாகிவிட்டது. விளிம்பில் கிரீஸ் தடவிய கண்ணாடித் தகட்டை அறைகளின் மேல் அழுத்தி, பியூரெட்டிலிருந்து மண்ணெண்ணெயைச் சொட்டவிட்டு நேற்று மாலை அளந்தோம். கேஸ்கட்டின் தடிமனையும் பிஸ்டன் தலைக்கு மேலுள்ள இடைவெளியையும் சேர்த்துப் பார்த்ததில், மூன்று அறைகள் 55.6 சி.சி.யில் நிற்கின்றன, நான்காவது மட்டும் அரை சி.சி. குறைவு. அதை உள்ளே கல்லால் தொட்டுச் சமன்செய்த பிறகே ஹெட் ஏறும்.